மேல் விளிம்பு

ஹௌகேசுன் துறைமுகத்தின் பின்தெருவில்
மீன்பெட்டிக் கிடங்கின் மாடியில் யோருனின் மேசை.
ஜன்னலைப் பகலிலும் சாத்தியே வைத்திருக்கிறாள்.
கடற்காகம் ஒன்று குறுக்கே போனாலும்
வேலையின் மேல் நிழல் விழும்.

மூழ்கிய கப்பலை
நூறில் ஒன்றாகக் கேட்டிருக்கிறது நீதிமன்றம்.
ஐம்பது மீட்டர் ‘ஸ்கார்வென்’
இப்போது அரை மீட்டர்.
பளுதூக்கி, உயிர்ப்படகு, ஏணி,
சமையலறைப் புகைபோக்கி
எல்லாம் போன வாரமே முடிந்தாயிற்று.
மிச்சம் இருப்பவை
நடுவயிற்றில் ஆறு கோடுகள்.

எவ்வளவு ஏற்றலாம் என்று
கப்பலின் தோலிலேயே எழுதிவைக்கும் கோடுகள்.
வெப்பநாட்டு ஆற்றுக்கு உச்சியில் ஒன்று,
மற்ற நன்னீருக்கு, வெப்பக் கடலுக்கு,
கோடைக்கு, குளிருக்கு,
எல்லாவற்றுக்கும் அடியில்
வட அட்லாண்டிக்கின் குளிருக்கு.
குளிருக்கும் அந்தக் குளிருக்கும் நடுவே
மேசையில் அரை மில்லிமீட்டர்.
கோட்டின் தடிமன் அதிலும் பாதி.

தூரிகை ஆகாது. தூரிகை மூச்சு வாங்கும்.
ஒட்டுநாடாவைக் கண்ணாடிமேல் விரித்துப்
புது பிளேடால் கீறுகிறாள்.
பிளேடுக்கு நான்கு கீறல்தான்,
ஐந்தாவதில் அது வெட்டாது, பிய்க்கும்.
நாடாவைப் பதித்து, பல்குச்சியால் விளிம்பை நீவி,
முதலில் பூசுவது வெள்ளையல்ல,
கப்பலின் அதே கரும்பச்சை.
கசிவதானால் அதுவே கசிந்து
இடுக்கை அடைத்துக்கொள்ளட்டும்,
திருடன் வருமுன் வீட்டுக்காரனே
ஜன்னலில் ஏறி உட்கார்ந்துகொள்வதுபோல.
பிறகுதான் வெள்ளை,
பாலாக நீர்த்தது,
மூன்று முறை, தொட்டும் தொடாமலும்.

முழுக்கக் காய்வதற்குள் நாடாவைத்
தன்மேலேயே மடித்துப்
படுக்கைவாட்டில் உரிக்க வேண்டும்.
அவசரப்பட்டால் கோட்டுக்கு மீசை முளைக்கும்.
தாமதித்தால் பல் விழும்.

முதல் நாள் மீசை.
இரண்டாம் நாள் பல்.
மூன்றாம் நாள் காபியை நிறுத்தினாள்,
தங்கையின் தொலைபேசியையும் எடுக்கவில்லை.
நான்காம் நாள் விடியலில் ஆறும் நின்றன.
யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது.
மாடியில் யாருமில்லை.

மதியம் வந்தார் ஸ்வெய்நுங்,
கப்பல் கம்பெனியின் வக்கீல்,
மேலங்கியில் மழை சொட்ட, மேசையிலிருந்து ஓரடி தள்ளியே நின்று.
“நீதிபதியின் இருக்கையிலிருந்து தெரியாதே.
கொஞ்சம் தடிப்பாக்கினால் என்ன?
மேல்பக்கமாக.”

மேல்பக்கமாக.
சட்டம் அளப்பது மேல் விளிம்பை.
இங்கே கால் மில்லிமீட்டர் ஏறினால்
கடலில் இரண்டரை சென்டிமீட்டர்.
இந்தக் கப்பலுக்கு அது பத்து டன் மீன்தீவனம்,
இருபத்தைந்து கிலோ மூட்டையில் நானூறு.
கூலியாள் இல்லாமல், பளுதூக்கி இல்லாமல்
நாடாவைச் சற்றே நகர்த்தி
நானூறு மூட்டையையும் ஏற்றிவிடலாம்.

கோடு கோடக்கூடாது என்று
தமிழில் சொல்லிவிடலாம் இதை.
அவள் தன் மொழியில் சொன்னது இவ்வளவுதான்:
“பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி வைக்கச் சொல்லுங்கள்.”

பெர்கனில் விசாரணை.
பிழைத்த இருவரில் ஒருவர்
சமையல்காரர் ஓத்கெய்ர்.
“புறப்படும்போது தண்ணீர் எதுவரை நின்றது?
தொட்டுக் காட்டுங்கள்.”

எழுந்தார். பூதக்கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.
ஜனவரிக் கடல் நகத்தைத் தின்றுவிட்ட
ஆள்காட்டி விரல் நீண்டு
கப்பலின் வயிற்றில் பதிந்தது.
ஆற்று நீரும் வெப்பக் கடலும்
கோடையும் இரண்டு குளிர்களும்
அந்த ஒற்றை விரலடியில் காணாமல் போயின.

“எந்தக் கோடு என்று சொல்லுங்கள்.”
“கோடா?
அன்றைக்குக் கோடு எதுவும்
என் கண்ணில் படவில்லையே.”

பின்வரிசையில் யோருன்
வார்னிஷ் பூசி எத்தனை நாள் ஆயிற்று என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார் நீதிபதி.
யாரோ இருமினார்கள்.
அவர் விரல் இன்னும் அங்கேயே இருந்தது.

எடுத்தபோது
ஆறும் இருந்த இடத்தில் இருந்தன,
ஈரமாக.